தேதிப் பங்காளி

“தேதி சொல்லுங்க” என்கிறார் ஜெகதீசன். நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடி, தாய்மாமன் படம் மேலேயா கீழேயா என்பதெல்லாம் அப்புறம். வந்தவர் ஆண்டையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்திவிடுகிறார். “வருஷம் வேணாங்க. அது வயசக் காட்டிக் குடுத்துடும். தேதியும் மாசமும் போதும்.” சொன்னதும் கண்ணை மூடிக்கொள்கிறார். பின்னால் பேனர் அச்சடிக்கும் இயந்திரம் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் கண்ணைத் திறக்கும்போது வந்தவருக்கு ஒரு புதிய உறவினர் கிடைத்திருப்பார்.

விழுப்புரம் பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, டயர் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய பேனர் கடை. ஐம்பதைத் தாண்டியவர். விரல்களில் எப்போதும் நீல மை. காலையில் பூசிய திருநீறும் பத்து மணிக்குள் லேசாக நீலம் கண்டுவிடும்.

எங்கள் தெருவின் ரத்ததான முகாமுக்குப் பேனர் அடிக்கப் போனபோதுதான் அவர் எனக்கு அறிமுகமானார். முகாமின் தேதியைக் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். அது இல்லை, என்னுடையது வேண்டுமாம். நவம்பர் ஏழு என்றேன். கண்ணை மூடித் திறந்தார். “மேரி கியூரி. சர் சி.வி. ராமன். ரெண்டு பேரும் நோபல் வாங்கனவங்க. நீங்க இன்னா பண்றீங்க?” எழுதுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “பரவால்ல, இன்னும் வயசு இருக்குது” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, ரத்தத்துளி படத்தைத் தேடப் போனார்.

ஒரே தேதியில் பிறந்தவர்கள் எல்லாரும் பங்காளிகள் என்பது அவர் கட்சி. தேதிப் பங்காளி என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார். பங்காளியை விட்டுவிட்டுப் பிறந்தநாள் கொண்டாடுவது முறையல்ல என்பதால், வாடிக்கையாளர் கேட்காமலே பேனரில் ஒரு வட்டத்துக்குள் அந்தப் பங்காளியின் படத்தையும் சேர்த்துவிடுவார். முகையூரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு மார்ச் பதினான்கில் பிறந்தநாள். அவர் கடை வாசலில் ஐன்ஸ்டீன் ஏறினார். “இவருக்கு யாரு வெட்டி வுட்டது?” என்று கேட்டுவிட்டுப் பாதி ஊர் திரும்பிப் போய்விட்டதாகக் கடைக்காரர் வந்து சண்டை போட்டார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் ஒருவர் டிசம்பர் பத்தில் இறந்துபோக, கண்ணீர் அஞ்சலி பேனரில் அதே தேதியில் காலமான ஆல்பிரட் நோபலும் பக்கத்தில் இடம்பிடித்தார். காரியத்துக்கு வந்தவர்கள் தாடி வைத்த அந்தக் கூட்டாளியின் குடும்பத்தாரைத் தேடி, அவர்களிடமும் துக்கம் விசாரிக்கப் பார்த்தார்களாம்.

திண்டிவனத்தில் சுற்றுலா வேன் வாங்கிய ஒருவர் ஏப்ரல் பதினைந்தில் பூசை என்று பேனர் கேட்டு வந்தார். ஜெகதீசன் இயந்திரத்தையே நிறுத்திவிட்டார். “டைட்டானிக்கு முழுகுன நாளுங்க. என் கையால அடிக்க மாட்டேன். ஒரு நாள் தள்ளி வெச்சுக்குங்க. பதினாறு, இந்தியாவுல மொதமொதல்ல ஜனங்க ரயிலு ஏறன நாளு.” வேன்காரர் பயந்துபோய்த் தள்ளி வைத்தார். வேன் இன்றுவரை நன்றாக ஓடுகிறது. இதை ஜெகதீசன் வாரம் ஒருமுறையாவது யாரிடமாவது சொல்கிறார். பதினைந்தாம் தேதி வாங்கிய வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன என்று யாராவது சொன்னால், “தண்ணில எறக்கிப் பாருங்க” என்பார்.

அவருடைய சொந்தத் தேதி மே இருபத்தொன்பது. அது அவர் பிறந்த தேதி இல்லை. கெடார் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டார். ஜெகதீசனுடைய வகுப்பே ஒரே நாளில் பிறந்தது. வெகுநாள் அதில் அவருக்குக் குறைதான். பிறகு ஒரு நாள், அந்தத் தேதியில்தான் எவரெஸ்டில் முதன்முதலாக ஏறினார்கள் என்றும், ஏறிய டென்சிங்கும் தான் பிறந்த தேதி தெரியாமல் அந்த நாளையே பிறந்தநாளாக வைத்துக்கொண்டார் என்றும் தெரியவந்தது. பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான் என்கிறார் அவர் மனைவி பாஞ்சாலி.

மகள் கலைப்பிரியா பிறந்தது ஜூலை இருபது. அந்தக் குடும்பத்தில் கடிகாரம் பார்த்துப் பிறந்த முதல் ஆள். டென்சிங்கோடு ஒரே கயிற்றில் ஏறிய ஹில்லாரி பிறந்ததும் அதே ஜூலை இருபது. இதைச் சொல்லும்போது ஜெகதீசனின் குரல் இறங்கிவிடுகிறது. “நான் டென்சிங்கு. எம்பொண்ணு ஹில்லாரி. ஒரே கயிறு. யாருக்குங்க அமையும்?”

கலைப்பிரியா திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறார். தினமும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் போய் வருகிறார். ஒரு ஜூலை இருபதாம் தேதி, பெட்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் அவர் மிட்டாய் கொடுத்துக்கொண்டு வர, மயிலத்தில் ஏறிய ஒரு இளைஞரும் எதிர்ப்பக்கத்திலிருந்து மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தார். நடுவில் இருவரும் சந்தித்தார்கள். அவர் பெயர் பிரவீன்குமார். மயிலத்துக்கு அருகில் விவசாயக் குடும்பம். திண்டிவனத்தில் வங்கி வேலை. வீட்டில் சொன்னார்கள். விசாரித்ததில் இரண்டு பக்கத்துக்கும் திருப்தி. குலசாமி வேறு, ஜாதகமும் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு பெண் கேட்டு வந்தார்கள்.

கேசரி வைத்தாகிவிட்டது. ஜெகதீசன் சும்மா இருந்திருக்கலாம். “தேதி சொல்லுங்க, தம்பி” என்றார்.

இதைச் சொன்னால் மாமனார் மகிழ்ந்துபோவார் என்று பிரவீன்குமார் நினைத்திருந்தார். “எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தேதிதான் மாமா. ஜூலை இருபது.”

ஜெகதீசன் கண்ணை மூடவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“அப்ப பங்காளி ஆச்சே. பங்காளிக்குள்ள எப்பிடிங்க பொண்ணு குடுக்கறது?”

மாப்பிள்ளையின் அப்பா சக்கரபாணி மல்லாட்டையும் கேப்பையும் போடுகிற விவசாயி. அதிகம் பேசாதவர். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “எந்த வழியில பங்காளி? குலசாமி வேறன்னுதான சொன்னீங்க?”

“சாமி வேறதாங்க. தேதி ஒண்ணு.”

சக்கரபாணி இதை மனத்துக்குள் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. “நாங்க கேசரிய முடிச்சுக்கினு போலாமா, இல்ல இப்பவே எழுந்துக்கணுங்களா?” என்று உண்மையாகவே கேட்டார்.

அவர்கள் போன பிறகு வீட்டில் நடந்ததைக் கலைப்பிரியாவே எனக்குச் சொன்னார். “நிலாவுல எறங்கனதுகூட அன்னிக்கிதான்ப்பா. அதுக்காக நிலா எனக்குச் சித்தப்பாவா?” என்று கேட்டிருக்கிறார். “அது வேற” என்றாராம் அப்பா. இறங்கியபோது இந்தியாவில் நள்ளிரவு தாண்டி இருபத்தொன்று பிறந்துவிட்டது, அதனால் அது நம் தேதியே இல்லை என்று மகள் வாதாடிப் பார்த்தார். “எறங்கனவன் கடிகாரம்தான் கணக்கு” என்று அவர் முடித்துவிட்டார். இந்தப் பங்காளி முறையை வகுத்தது யார் என்றால், யாரும் வகுக்கவில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது, தான் கண்டுபிடித்ததோடு சரி என்றார். கலைப்பிரியா அழுதார். ஜெகதீசனும் அழுதார். ஆனால் இறங்கி வரவில்லை.

அந்த நாட்களில் நான் கடைக்குப் போனேன். யாரிடமும் அவர் தேதி கேட்கவில்லை. ஒரு காதணி விழா பேனரைப் பங்காளி இல்லாமலே அடித்துக் கொடுத்தார். வாங்கியவர் நிம்மதியாகப் போனார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, கேட்காமலே என்னிடம் சொன்னார்: “எனக்குப் போட்டது வாத்தியாரு வெச்ச தேதி. அவளுக்கு நானே ஆஸ்பத்திரி வெராண்டாவுல நின்னுக்கினு கடியாரத்தப் பாத்தேன். அதுலயும் ஒருத்தன் வந்து எனக்கும் அதேதான்னு சொன்னா, பேஜாரா இருக்குதுங்க.”

பங்காளி முறை எங்கிருந்து தடுக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாஞ்சாலிக்கு அது முன்பே புரிந்திருக்க வேண்டும். அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. ஒரு நாள் காலையில் சோற்றை வடித்து வைத்துவிட்டு பஸ் ஏறி மயிலம் போனார். மதியம் விழுப்புரத்தில் பேனர் கடை வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது கூட இன்னொரு பெண்மணி இருந்தார். சக்கரபாணியின் மனைவி சின்னபொண்ணு.

சின்னபொண்ணுக்கு உட்கார நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. ஓடுகிற இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இத நிறுத்துங்க சம்பந்தி, காது அடைக்குது” என்றார். ஜெகதீசன் நிறுத்தினார்.

“எம்புள்ள இருபதாந்தேதிதான். பள்ளிக்கூடத்துல அப்பிடித்தான் இருக்குது. ஆனா அவன் பொறந்தப்ப கோழிகூட கூவல. கும்மிருட்டு. மழ வேற. மருத்துவச்சி வீட்டுக்கு என்ன டிராக்டர்ல இட்டுக்கினு போனாங்க. அவ கையில பேட்டரி லைட்டு வெச்சுக்கினுதான் பாத்தா. அவன் பொறந்து, குளிப்பாட்டி, நான் ஒரு தூக்கம் தூங்கி எழுந்த அப்புறந்தான் விடிஞ்சுது.”



“விடியறதுக்கு மின்ன பொறந்தா அது மொத நாளு கணக்கா, மறுநாளு கணக்கா?” என்று கேட்டார் பாஞ்சாலி. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துக் கேட்டார்.

“நம்ம கணக்குல மொத நாளுதான்” என்றார் ஜெகதீசன், மெதுவாக.

“எறங்கனவன் கடிகாரம்தான் கணக்குன்னு சொன்னியே. இவன் எறங்கனது மயிலத்துல. அங்க விடிஞ்சாத்தான் நாளு” என்றார் பாஞ்சாலி.

டயர் கடையில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஜெகதீசன் கண்ணை மூடினார். ஜூலை பத்தொன்பது. திறந்தபோது முகமே மாறியிருந்தது.

“பையன் எங்க வேல செய்யறான்?”

“பாங்கில” என்றார் சின்னபொண்ணு. “தெரியாத மாதிரி கேக்கறீங்க?”

“ஜூலை பத்தொம்பதுதாங்க பாங்கியெல்லாம் கவர்மென்ட்டு எடுத்துக்கினுது. அறுபத்தொம்பதுல. மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்குது. நான்தான் பாக்கல.” எழுந்து நின்று சின்னபொண்ணைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ஓடிப்போய் இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டார். பேச்சை அதற்கு மேல் யாரும் வளர்க்க முடியவில்லை.

செய்தியைக் கலைப்பிரியா ரயிலில் சொன்னபோது பிரவீன்குமார் ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். இறங்கும்போது, “சரி, பத்தொம்பதுலயே இருந்துக்கறேன். உங்கப்பாவுக்கு வேற மாசம் எதுவும் வேணுமா, கேட்டுக்கினு வா” என்றிருக்கிறார்.

திருமணம் திண்டிவனத்தில் நடந்தது. அழைப்பின் பேரில் நானும் போயிருந்தேன். மண்டப வாசலில் பேனரில் மணமக்களுக்கு மேலே ஹில்லாரி பனிக்கட்டி நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் மாப்பிள்ளைக்கு ஆளாக யாரும் இல்லை, ஒரு வங்கிக் கட்டடம் இருந்தது. யார் வீட்டுக் கட்டடம் என்று சிலர் கேட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமானது என்று யாரோ சொல்ல, இப்படியொரு மாப்பிள்ளை பிடித்த பெண் வீட்டாரின் மதிப்பு அன்று நன்றாகவே உயர்ந்தது.

பந்தி ஓய்ந்த நேரம். ஜெகதீசனும் சக்கரபாணியும் மேடைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண் கேட்டு வந்த நாளிலிருந்து சம்பந்தியிடம் கேட்கக் கூச்சப்பட்டு வைத்திருந்த கேள்வியை ஜெகதீசன் அப்போது கேட்டார்.

“சம்பந்தி, உங்க தேதி?”

சக்கரபாணி வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். “தெரியாதுங்க. நான் பள்ளிக்கூடம் போனதில்ல. கேப்பை நட்டுக்கினு இருந்தப்ப வலி வந்துச்சுன்னு எங்கம்மா சொல்லும். எந்த வருஷத்து நடவுன்னு அதுக்கே மறந்துபோச்சு.”

“ஆதார்ல இன்னா இருக்குது?”

“சனவரி ஒண்ணு. அது அவங்க போட்டுக்கினதுங்க. என்னுது இல்ல.” குறைப்பட்டுச் சொல்லவில்லை. அடுத்தவர் நிலத்து வரப்பைக் காட்டிச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஜெகதீசன் கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. யாரும் வரவில்லை போலிருக்கிறது. பிறகு எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் மண்டபத்தை விட்டு வெளியே போனார். பந்தல்காரரோடு தகராறு என்று நினைத்து இரண்டு பேர் பின்னாலேயே ஓடினார்கள்.

அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு கேக் பெட்டி இருந்தது. தாம்பூலத் தட்டை ஒதுக்கிவிட்டு, நாற்காலி ஒன்றில் அதை வைத்துப் பிரித்தார். மாலையும் கழுத்துமாக மணமக்கள் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நாதஸ்வரக்காரர் சாப்பாட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார்.

“இன்னிக்கி யார் யாரு பொறந்தாங்கன்னு பாத்தேன் சம்பந்தி” என்றார் ஜெகதீசன். “எடம் இருக்குது. நீங்களும் இன்னிக்கே பொறந்துக்கலாம்.”

“எனக்கு இன்னாத்துக்குங்க இதெல்லாம்?” சக்கரபாணி சுற்றுமுற்றும் பார்த்தார். சின்னபொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சக்கரபாணி கையை வேட்டியில் துடைத்து, நீட்டிய பிளாஸ்டிக் கத்தியை வாங்கிக்கொண்டார். அறுவடைக்கு அரிவாள் பிடிப்பதுபோல் அடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். எங்கே வெட்டுவது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. ஜெகதீசன் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, மெல்லக் கேக்குக்குள் இறக்கினார்.