ஊரை அனுப்பிவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிறவள்

கட... கட... டக். படிக்கட்டில் இருந்துதான் வருகிறது. கொஞ்சம் நிற்கும். பிறகும் கட... கட... டக். இந்தக் கிழமை ஒவ்வொரு இரவும், கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை அடங்கின பிறகு இதே சத்தம். பக்கத்தில் மகள் வாயைத் திறந்தபடி நித்திரை. பயம் வந்தால் கையைச் சும்மா வைத்திருக்கக் கூடாது என்று கொன்வென்டில் சிஸ்டர்மார் சொல்லித் தந்தார்கள். அவர்கள் நினைத்தது செபமாலையை. நான் பேனையை எடுத்திருக்கிறேன்.

விசா அலுவலகத்தில் வேலை என்றால், ஊரில் உள்ளவர்களை எல்லாம் பிளேன் ஏற்றிவிட்டு, பின்னேரம் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கிற வேலை. போன மாதம் என் மனுசனையும் ஏற்றிவிட்டேன். அங்கே கப்பல் பட்டறையில் வெல்டிங். தற்காலிக வேலை விசா, இரண்டு வருட ஒப்பந்தம், மனைவி பிள்ளையைக் கூப்பிட அனுமதி இல்லை. இந்த நிபந்தனையை ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்கு நானே விளங்கப்படுத்தத்தான் தெரியவில்லை.

இங்கே இருந்தபோது அவர் துறைமுகத்தில் இரவு வேலை முடித்து, தன் திறப்பால் கதவைத் திறந்து வருவார். அதனால் மேல் தாழ்ப்பாளை நாங்கள் போட்டதே இல்லை. அவர் போன பிறகும் அதைப் போடக் கை வரவில்லை. போனில் ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன்: "பயமாயிருக்கு. வந்திடுங்கோ." அனுப்பினால் அடுத்த பிளேனில் வந்துவிடுவார், அவரைத் தெரியும். இடையில் விட்டு வந்தால் அந்த விசா முடிந்தது. இன்னொன்று எடுப்பது லேசில்லை. ஆகவே அதை அனுப்பாமல், வீட்டில் ஓராளை வெளிநாட்டுக்குக் கொடுத்துவிட்டு என்னைப் போல முழித்திருக்கிற உங்களுக்கு, என் மேசைக்கு முன்னால் வந்து இருந்த சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பாவும் வருகிறார்

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். வெளிநாட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயராலேயே ஆளைக் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுக் கடையில் சமைக்கிற சிவகுமார் அண்ணனுக்கு எங்கள் அலுவலகத்தில் வீடியோ நேர்முகம். பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு, திறமையுள்ள சமையல்காரர் என்ற வகையில். அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர் சிரித்தபடி, "குட் மோர்னிங், மிஸ்டர் பொன்னுத்துரை" என்றார். அண்ணன் எழும்பி நின்று, மிக மரியாதையாக, "ஹி இஸ் நோ மோர், சேர்" என்றார். வெள்ளைக்காரரின் முகம் போன போக்கு! நேர்முகத்துக்கு வேண்டியவரே செத்துப்போனார் என்று நினைத்துவிட்டார் பாவம். நான் குறுக்கே விழுந்து விளங்கப்படுத்தி முடிக்க வேர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணன் தயங்கவே இல்லை. தெரிந்த இங்கிலிசில், கையாலும் கண்ணாலும், ஒரு நண்டுக் கறியை முழுதாகச் சமைத்து முடித்தார். எனக்கே பசித்தது. விசா வந்த அன்று அதில் இருந்த பெயரை விரலால் தடவிவிட்டுச் சொன்னார்: "அப்பா தலைமன்னாரைத் தாண்டினதில்லை, தங்கச்சி. இனி அந்தக் குசினியில நாள் முழுக்க அப்பாவைத்தான் கூப்பிடப் போறாங்கள்."

முன்கதிரை

ஒரு வங்கி உத்தியோகத்தர் கழுத்துப்பட்டி எல்லாம் கட்டி, மனைவியோடு வந்தார். திறமையாளர்களுக்கான நிரந்தர விசா. படிப்பு, வயது, தொழில், இங்கிலிஸ் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அவரை முதல் விண்ணப்பதாரராகப் போட்டுக் கூட்டினால் காணாது. தாதியான மனைவியை முதலில் போட்டு, அவரைக் கூடப் போகிற ஆளாகப் போட்டால் தாராளமாக வருகிறது. இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இப்படிச் சொன்னதற்குக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போன ஆம்பிளைகளைக் கண்டிருக்கிறேன்.

இவர் எழும்பி, தான் இருந்த முன்கதிரையில் மனைவியை இருத்திவிட்டு, சுவரோரக் கதிரையில் போய் இருந்தார். "கலியாணத்தண்டு இவ எனக்குப் பின்னால வந்தவ. இனி நான் பின்னால போறன். பெட்டி தூக்கவும் ஆள் வேணும்தானே?" அவ திரும்பிப் பார்க்காமலே சொன்னா: "முன்னால நடந்த காலத்திலயும் வழி கேட்டுச் சொன்னது நான்தானேப்பா."

வலப்பக்கத் தோள்

பழம் பிடுங்கும் பருவகால வேலைக்குப் போகிறவர்களிடம் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: பருவம் முடிந்ததும் திரும்பிப் போவாய் என்று நாங்கள் எப்படி நம்புவது? காணி இருக்கிறது, வீடு இருக்கிறது என்று சொல்லச் சொல்லிப் பழக்குவோம். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற நேவிஸ் அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். காணியும் இல்லை, வீடும் வாடகை. "பொய் சொல்ல ஏலாது பிள்ளை, பூசைக்குப் போறனான்" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

நேர்முகத்தில் கேள்வி வந்தது. ஒவ்வொரு வருடமும் திருநாளில் மாதா சுருவம் வைத்த பல்லக்கின் கம்பைத் தோளில் தூக்கி வீதி சுற்றுகிறவர்களில் அவரும் ஒருவர். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலிசில் மாற்றிச் சொன்னேன். கேட்டவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார், வேலையும் கிடைத்தது. அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "முன்னால வலப்பக்கக் கம்பு என்ர தோள் உயரத்துக்குத்தான் வெட்டினது, சேர். நான் வராட்டி மாதா சரிஞ்சிடுவா."

கட... கட... டக்

இதுவரை எழுதும்போது சத்தம் என் கதவடிக்கே வந்துவிட்டது. மகளை ஒரு கையால் மூடியபடி காதைக் கொடுத்தேன். பெரிதாக ஒரு "டக்". பிறகு மெல்லிய குரலில், "மாதாவே, என்ர கால்!"

மேல்வீட்டு ரஜனி அக்காவின் குரல். கதவைத் திறந்தேன். சில்லு வைத்த பெரிய பயணப் பெட்டியோடு படியில் நின்றா. முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கு அடுத்த கிழமை பயணம். அவவின் விசா அலுவல் பார்த்ததும் நான்தான். அதுவும் பிள்ளையைக் கூப்பிட முடியாத விசா.

"என்னக்கா இந்த நேரத்தில?"

"ஸ்ஸ்... பெடியன் எழும்பிடுவான். பகல்ல பெட்டியைக் கண்டா உள்ளுக்கு ஏறி இருந்திடுறான். 'நானும் உடுப்புத்தான், என்னையும் மடிச்சு வையுங்கோ' எண்டுறான். அதுதான் கீழ பிலோமினா அன்ரி வீட்டில வச்சிருக்கிறன். அவன் படுத்தாப்பிறகு மேல கொண்டுபோய் அடுக்கிப்போட்டுத் திரும்ப இறக்கிறன்."

இரண்டு பேருமாகப் பெட்டியைச் சத்தமில்லாமல் தூக்கி, அடுத்த வளைவு வரை இறக்கினோம். அக்கா அழவில்லை, மூச்சு வாங்கினா, அவ்வளவுதான். விட்டுப் போகிறவளுக்கு இவ்வளவு நெஞ்சுரம். நானோ சொந்த வீட்டில், என் பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நடுங்குகிறேன்.

"நீ தாழ்ப்பாள் போடுறேல்லையா? தாழ்ப்பாள் இழுக்கிற சத்தமே கேக்கேல்ல."

"இல்லையக்கா, அவர் வந்தா..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

அக்கா என் கன்னத்தில் செல்லமாகத் தட்டினா. "வந்தா தட்டுவார். என்ர பெட்டிச் சத்தத்துக்கே எழும்பி வந்தனி, உன்ர மனுசன் தட்டினா கேக்காமலா போகும்?"

உள்ளே வந்து பழைய செய்தியை அழித்தேன். வேறு ஒன்று எழுதி உடனே அனுப்பினேன்: "முடிச்சுக்கொண்டு வாங்கோ. வரேக்க பலமாத் தட்டுங்கோ."

இத்தனை பேருக்கு வெளியே போக வழி பார்த்துக் கொடுத்த நான், கலியாணம் முடித்த நாள் தொட்டு அசையாத தாழ்ப்பாளுக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு, என் கதவை உள்ளே இருந்து பூட்டினேன்.