படத்தில் இருந்த நான்

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கருப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. நாற்காலியில் சாய்ந்த ஒரு கைக்குழந்தை, கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். "நீதான்டா அது," என்பார் அம்மா. அந்த அழகு பிற்பாடு எங்கே போயிற்று என்று இப்போது கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

எட்டு வயதில் எனக்கு இடித்தது மூக்குதான். பிறந்த பதினோராம் நாளே குத்திய ஓட்டை என் மூக்கில் உண்டு. படத்தில் இருந்த எனக்கு அது இல்லை.

ஒரு மத்தியானம், அம்மா கரும்புக் கொல்லைக்குப் போயிருந்தபோது, சட்டத்தைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்தேன். அழுக்கு அடைத்திருக்கும் என்று எச்சில் தொட்டு மூக்கைத் தேய்த்தேன். ஓட்டை வரவில்லை. விரல் சற்று மேலே போனது. கண் விரலோடு வந்துவிட்டது. அடியில் இமை மூடியிருந்தது. ஒரு சோதனையை நம்பக் கூடாது என்று அடுத்த கண்ணையும் தேய்த்தேன். அதுவும் மூடியிருந்தது.

பின்னால் அம்மா நின்றிருந்தார். அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அது உங்கண்ணன்டா. போன அன்னிக்கு எடுத்தது. எனுக்கு இருக்கறதே இது ஒண்ணுதான்."

முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்துவார்கள்; குறையுள்ளது என்று எமன் விட்டுவிடுவானாம். படமும் நான்தான் என்று சொல்லிவைத்தால், வீட்டில் யாருமே சாகவில்லை.

மறுநாள் கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவுக்குப் போனோம். படமெடுத்தவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"கண்ணு நான் பிரஷ்ல டச் பண்ணதுதாம்மா. நெகட்டிவ் மழையில போச்சு. திரும்பப் போட்டுரலாம். ஆனா புள்ள கண்ணத் தொறந்து நான் பாத்ததில்லியே."

"அப்ப இன்னா பாத்துப் போட்டீங்க?"

"ஒங்க கண்ணத்தான்."

அம்மா என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார். "இப்ப என் கண்ணு அப்படி இல்லீங்க. இவனப் பாத்துப் போடுங்க."

முக்காலியில் உட்காரவைத்தார்கள். பஸ் ஜன்னலில் கல்வராயன் மலை கூடவே வந்திருந்தது. இங்கே என் முதுகுக்குப் பின்னால், திரையில், ஏதோ ஒரு பனிமலை.

"ஆடாத குந்து தம்பி. கண்ணச் சிமிட்டாத."

தூரிகை படத்தில் இறங்கிய ஒவ்வொரு முறையும் என் கண் உறுத்தியது.

போன மாதம், செல்லரிக்குமுன் பிரதி இருக்கட்டும் என்று அதைச் செல்போனில் படமெடுத்தேன். போன் அதிலிருந்த முகத்தை என் மற்றப் படங்களோடு சேர்த்து, இது நீங்கள்தானா என்று கேட்டது. அம்மாவிடம் காட்டினேன்.

"அப்பவே சொன்னேன்ல," என்றார்.

ஆமாம் என்பதை அழுத்தினேன். அது முடியும்வரை கண் சிமிட்டவில்லை.