முப்பது வீட்டுக்கும் ஒரு சவர்க்காரம்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

சென்ற கிழமை எங்கள் தலைமன்னாரில் ஒரு சவர்க்காரம் வீடு வீடாக விருந்து போனது. அதனை நேரில் கண்டவன் நான். அதற்குக் காரணமானவனும் நானே என்பதைச் சற்றுக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

என் தம்பியின் மகள் டிலானி பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயில்கிறாள். இறுதியாண்டு. பட்டம் பெறுமுன் ஓர் ஆய்வினை ஒப்படைத்தாக வேண்டும். வீடு வீடாகச் சென்று, கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சவர்க்காரமும் உள்ளனவா எனக் கண்ணால் கண்டு எழுதுவதே அந்த ஆய்வு. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

வீட்டுப் பிள்ளையின் பட்டம் அல்லவா? சும்மா இருக்கலாமா? ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் நின்று ஊராருக்கு விடயத்தை விளக்கினேன்.

"நாளைக்குப் பிள்ளை முப்பது வீட்டில சவர்க்காரம் பார்க்க வரும். ஒத்துழைப்புக் குடுங்கோ."

கொடுத்தார்கள்... அளவுக்கு மிஞ்சியே கொடுத்தார்கள்.

முதல் வீடு, மீன் காயவைக்கும் வாடி நடத்தும் திரேசம்மாவினுடையது. கிணற்றடியில் பூப்போட்ட பீங்கான் தட்டு. அதன்மேல் பச்சைச் சவர்க்காரம். டிலானி மகிழ்ந்து குறித்துக்கொண்டாள். இரண்டாம் வீட்டிலும் பச்சை. மூன்றாம் வீட்டிலும் பச்சை. ஊர் முழுவதும் ஒரே வாசனையை விரும்புகின்றது போலும் என்று நான் பெருமிதம் கொண்டேன்.

ஆறாம் வீட்டில் அவள் குனிந்து பார்த்தாள். சவர்க்காரத்தின் ஓரத்தில் காகம் கொத்திய அதே மூன்று தழும்புகள்.

"பெரியப்பா, எல்லா வீட்டுச் சவர்க்காரத்தையும் ஒரே இடத்திலயோ காகம் கொத்தும்?"

ஒழுங்கான காகமாக இருக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் புறப்படுவதுபோல் நடந்து, சட்டென்று வேலியோரம் நின்றாள். ஓலை வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் தட்டும் சவர்க்காரமும் நீண்டன. அடுத்த வளவிலிருந்து ஒரு கை அவற்றைப் பறித்தது.

"கெதியாத் தாங்கோ மச்சாள், பிள்ளை படலையடிக்கு வரப்போகுது!"

டிலானி நேரே திரேசம்மாவிடம் திரும்பிப் போனாள். அந்த அம்மையாரோ அசையவில்லை.

"இதில என்ன பிழை, பிள்ளை? மாதாவின்ர சொரூபம் வீடு வீடா வரேக்க, ஊரில உள்ள ஒரே நல்ல மேசைவிரிப்பு அவவுக்கு முன்னால வேலியால போறதுதானே? மாதாவே இதுவரைக்கும் ஒண்டும் கேட்கேல்லை. நீ கேக்கிறாய்!"

"உங்கட வீட்டுச் சவர்க்காரம் எங்க மாமி?"

"அது தேய்ஞ்ச துண்டு. பட்டம் எடுக்கிற பிள்ளைக்கு அதையோ காட்டுறது?"

"எனக்கு அந்தத் துண்டுதான் மாமி வேணும்!" என்றாள் டிலானி. உள்ளதை உள்ளபடி எழுதாவிட்டால் ஆய்வை ஏற்கமாட்டார்கள், பட்டம் கிடையாது என்று விளக்கினாள். சவர்க்காரம் காட்டியதே பிழை என்று ஊர் மனம் வருந்தியது. நாளைக்குத் திரும்ப வா என்றது.

மறுநாள் போனோம். எந்த வீட்டிலும் சவர்க்காரம் இல்லை. ஒரு துண்டுகூட இல்லை!

"எங்களிட்ட ஒருநாளும் இருந்ததில்லைப் பிள்ளை" என்றார் திரேசம்மா. அவருடைய கையில் சவர்க்காரம் மணத்தது. அடுத்த வீட்டுச் சூசை அண்ணர் இன்னும் ஒரு படி மேலே போனார். "நான் பிறந்த நாள் தொட்டுக் கை கழுவினதே இல்லை. வடிவா எழுது தங்கச்சி!" என் இல்லத்தரசியும் விலக்கல்ல. எங்கள் வீட்டுச் சவர்க்காரத்தை அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டாள். அன்றைய சோற்றை உண்டவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

ஆய்வு செய்ய வருபவரைப் பிடிக்காத ஊரிலே, ஒருவேளை, உண்மை கிடைக்கலாம். பிடித்துவிட்டால்...? அவருக்கு எது வேண்டுமோ அதுவே கிடைக்கும்.

டிலானி அழுதபடியே தன் விரிவுரையாளருக்குத் தொலைபேசியில் யாவற்றையும் சொன்னாள். அவர் நெடுநேரம் சிரித்தாராம். பின்பு சொன்னாராம்: "நடந்ததையே ஆய்வா எழுதுங்கோ. ஆனா நேரில கண்ட ஒராளின்ர எழுத்துச் சாட்சி வேணும்."

சாட்சி கேட்டுப் போனவளைத் திரேசம்மா பரிவோடு பார்த்தார். "சவர்க்காரமோ? எந்தச் சவர்க்காரம்? உன்ர பட்டத்துக்குப் பழுது வாற கதை எங்கட வாயால வராது பிள்ளை." முப்பது வீட்டிலும் அதே பதில்.

எஞ்சிய சாட்சி நான் ஒருவனே. ஆதலால் இந்தப் பத்திரிகைப் பத்தியே என் சாட்சியம். இதனை வெட்டி ஆய்வுடன் இணைக்கப்போகிறாள். பரீட்சகர் எவரேனும் ஐயுற்று எங்கள் ஊருக்கு வந்து விசாரித்தால், ஓம் என்று சொல்ல ஒருவரும் இரார்.

ஆகவே ஐயா, அம்மணி, இந்தப் பத்தியைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.