என் மெத்தை குடித்த தண்ணீர்

நான் முதன்முதலில் பொறாமைப்பட்டது ஒரு புல்தரையைப் பார்த்து. தனக்கொரு தம்பி பிறந்ததிலிருந்து என் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று குழம்பும்போதெல்லாம் அந்தப் புல்தரை நினைவுக்கு வருகிறது.

டாலிகஞ்சில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் பட்டறை அப்பாவின் பொறுப்பில் இருந்தது. உள்ளேயே குவார்ட்டர்ஸ். புதுக் கருவி கேட்டால் ஆபீஸில் கையை விரிப்பார்கள். அப்பா கிடைத்ததை வைத்துச் செய்துகொள்வார். புல்லில் தூவிய மணலை இழுத்துப் பரப்பப் பழைய தேங்காய்நார் மிதியடிகளைச் சேர்த்துத் தைத்திருந்தார். உடைந்த பிளாஸ்டிக் குழாய்களை வெட்டிச் சுவரில் பொருத்தி, மண்வாரிகளை மாட்டியிருந்தார். எங்கள் சமையலறைக் குழாய் மட்டும் துணிக்கட்டோடு ஒழுகிக்கொண்டே இருந்தது.

குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். அப்பா அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்ப்பது அம்மாதான்.

"அந்தப் புல்லையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்பாள் அம்மா. இந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

அந்த வருடம் பூஜைக்கு முன் மழை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி. போன முறைபோல கிரீனில் தண்ணீர் தேங்கி ஆட்டம் நின்றால், வேலை வெளிக் கம்பெனிக்குப் போய்விடும். அப்பாவுக்கு வேலையும் இருக்காது, வீடும் இருக்காது. இதை எல்லோரும் என் முன்னாலேயே பேசினார்கள். எனக்கு அது வெறும் ஆபீஸ் பேச்சு.

சனிக்கிழமை பள்ளி விட்டு வந்து, வாசலோரம் செய்தித்தாளில் சுற்றி அடுக்கியிருந்த பித்தளைப் பாத்திரங்களைத் தாண்டி உள்ளே போனேன். கட்டிலில் என் ஸ்பாஞ்சு மெத்தை இல்லை. அம்மா தரையில் உட்கார்ந்து, அப்பா பிடித்திருந்த ஒரு தடிமனான குழாயின்மேல் அதைச் சுற்றிக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். உருட்டினால் தண்ணீரை உறிஞ்சுமாம்.

உங்களுடையதை எடுக்க வேண்டியதுதானே என்று அழுதேன்.

"எங்களோடது பஞ்சு, அம்மாடி. குடிச்ச தண்ணியைக் கக்காது" என்றார் அப்பா.

அம்மா தலை நிமிரவே இல்லை. அவளும் புல்லின் கட்சிக்குப் போய்விட்டாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை மழை விட்டது. பக்கத்து வீட்டு வங்காளி மாஷியோடு வேலியோரம் நின்று பார்த்தேன். நீலப் பூப்போட்ட என் மெத்தை உறை கிரீன்மேல் உருண்டது. அப்பா அதைப் பலகையால் அழுத்திப் பிழிந்துவிட்டு மறுபடி உருட்டினார். வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்க, அப்பா திரும்பி என்னைச் சுட்டிக்காட்டினார். நான் மாஷியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"தேக், தோர் பிச்சானா கல்ஃப் கேல்ச்சே" என்றாள் மாஷி. என் படுக்கை கோல்ஃப் ஆடுகிறதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆட்டம் நடந்தது. சாயங்காலம் அப்பா முழங்கால் வரை சேற்றோடு வந்து, இனி தன் இடத்தில் நான் படுத்துக்கொள்ளலாம் என்றார். அம்மா எங்கள் இருவரையும் கவனிக்காமல், வாசலோரப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முக்காலியில் ஏறிப் பரணில் பழையபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பூஜைக்கு வீடு சுத்தம் செய்து முடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.