வண்டி முடிந்தது

செவ்வாப்பேட்டையில் இருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போவதென்றால் சென்னைக்குள் போய், ரயில் மாறி, மறுபடி வெளியே வர வேண்டும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே மாவட்டம். அங்கே இருக்கும் இரும்பாலையில் இருந்து போன் வந்தாலே எனக்குப் பாதி எரிச்சல் வந்துவிடும். போய் இறங்குவதற்குள் மீதியும் வந்துவிடும்.

அந்த முறை பிரச்சினை எடைமேடையில். பழைய இரும்பு ஏற்றி வரும் லாரியை அங்கே நிறுத்தி எடை போடுவார்கள். சரக்கோடு ஒருமுறை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒருமுறை. அதற்கான மென்பொருள் எங்கள் சின்னக் கம்பெனியுடையது. காலையில் துள்ளி ஓடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துவிடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவதற்குள் லாரிகள் புதுவாயல் வரைக்கும் நிற்பதாக மேனேஜர் அளந்துவிட்டார்.

அவரிடம் காரணமும் தயாராக இருந்தது. எடைமேடை அறையில் உட்காரும் பெண் கம்ப்யூட்டரில் சினிமா பார்க்கிறாளாம். இந்த வாரத்தோடு அவளைப் பழையபடி யார்டுக்கே அனுப்பப் போகிறாராம். யார்டு என்றால் வெயிலில் நின்று பழைய இரும்பைப் பிரிக்கும் வேலை. அங்கிருந்து கம்ப்யூட்டர் படித்து அந்த நாற்காலிக்கு வந்தவர் அந்தப் பெண். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மெஷின் படுத்தால் பக்கத்தில் இருக்கிற ஆளைப் பிடிப்பது என்ன பழக்கம்?

அவர் தப்பு இல்லை என்று காட்டியே தீருவது என்று உட்கார்ந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் மெமரியை அப்படியே படம் பிடிக்கலாம். அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். காலையில் ஒன்று, மதியம் ஒன்று எடுத்து ஒப்பிட்டால், சாப்பிட்டு முடித்தும் பந்தியை விட்டு எழாதவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும்.

தெரிந்தது. காலையிலேயே எடை போட்டு, சீட்டு வாங்கி, கேட்டைத் தாண்டிப் போன லாரிகள் அத்தனையும், மேடையில் எடுத்த ஃபோட்டோவோடு, மெமரியை அடைத்துக்கொண்டு நின்றன. இதைத்தான் மெமரி லீக் என்பார்கள். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நூல் பிடித்துப் போனால், அது அந்தப் பெண்ணிடமே போய் முடிந்தது. வேலை முடிந்த வண்டியின் திரையை மூட ஒரு பட்டன் உண்டு. அதை அவர் ஒருமுறைகூட அமுக்கவில்லை. 'பின்செல்' என்ற பட்டனையே அமுக்கியிருக்கிறார். அது சரக்கு இறக்க உள்ளே போன வண்டிக்காக வைத்தது. திரையை மறைக்குமே தவிர மூடாது.

காப்பாற்ற எடுத்த படமே அவரை மாட்டிவிடப் பார்க்கிறது. ஏன்மா இதை மூடவே மாட்டேன் என்கிறீர்கள் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

"அதுல இன்னா எழுதிக்குதுன்னு பாருங்க சார்," என்றார்.

பார்த்தேன். 'வண்டி முடிந்தது.'

"உள்ள ஒரு மனுசன் ஸ்டீரிங் புடிச்சிக்கினு போறாரு. எங்க ஊட்டுக்காரரு வண்டியும் இதே மேடையில தான் ஏறுது. அத்தப் போயி முடிஞ்சதுன்னு நான் எப்டி அமுக்குவேன்?"

பட்டன்களைத் தமிழாக்கியது என் ஆபீஸ் நண்பன். போனில் பிடித்து விளாசினேன். அகராதி பார்த்துத்தான் போட்டேன் என்கிறான். சரி, நானே மாற்றுகிறேன் என்று அவசரத்தில் 'வண்டி போய்ச் சேர்ந்தது' என்று அடித்துக் காட்டினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்கு முந்தையதே தேவலை. கடைசியில் அவரே சொல்லி, 'போய் வா' என்று வைப்பதென்று முடிவானது.

மாற்றுவதற்கு முன் மேனேஜரைக் கூப்பிட்டேன். அன்று காலைதான் அவர் தன் புதுக் காரையும் ஆசையாக மேடையில் ஏற்றி எடை பார்த்திருந்தார். அந்தத் திரையை எடுத்து வைத்து, நீங்களே மூடுங்கள் சார் என்று மவுஸைத் தள்ளினேன். வாசித்தார். கை மவுஸ் பக்கம் போகவில்லை. யார்டு பேச்சு அதோடு நின்றது.

மறுநாளும் போய் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். மதியம் தாண்டியும் மெமரி காற்றாடியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால், காலையிலேயே வெளியே போன ஒரே ஒரு லாரி மட்டும் போகாமல் நின்றது. நம்பரைக் காட்டி அவரிடம் கேட்டேன்.

"அது அவரு வண்டி சார். நெல்லூரு போய்க்கினு கீறாரு. ஊரு வந்துட்டேன்னு போன் வரட்டும், அமுக்கிட்றேன்," என்றார், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

லீக் எல்லாம் அடைத்தாகிவிட்டதா என்று வாசலில் இருந்து மேனேஜர் கேட்டார்.

"எல்லா வண்டியும் போயாச்சு சார்," என்றேன்.