பதினோரு மணிக்குக் கூவாத பெட்டி

காசிலிங்கம் மேஸ்திரியின் வாட்ச் காலை ஆறு மணிக்குச் சரியாக ஓடும். பதினொன்றை நெருங்க நெருங்கத் தளர்ந்துவிடும். உப்பு வாரும் பெண்களுக்கு வேலை ஆறிலிருந்து பதினொன்று வரை. அவர் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்து, "ஆச்சு, ஏறுங்க" என்று சொல்லும்போது பதினொன்று இருபதாவது ஆகியிருக்கும். மார்ச் வெயிலில் உப்புநீருக்குள் நிற்கும் கால்களுக்கு அந்த இருபது நிமிடம் பெரிது.

அவர்களில் ஒருத்தியான லூர்துமேரியின் மகள் சகாயசெல்வி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, புதுச்சேரியில் யு.பி.எஸ். செய்யும் சிறிய கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டாள். சிரித்துக்கொண்டே எதையாவது செய்துவைப்பாள். கம்பெனியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் போர்டிலிருந்து ஒரு கடிகாரச் சிப்பைக் கழற்றினாள். கரண்ட் போனாலும் உள்ளிருக்கும் பேட்டரியால் நேரத்தையும் தேதியையும் விடாமல் எண்ணும் சிப் அது. எப்போது அலாரம் அடிக்க வேண்டும் என்று எழுதிவைக்கவும் அதில் இடம் உண்டு. அதை ஒரு பெட்டிக்குள் வைத்து, நேரம் காட்டும் சின்னத் திரையும் சைரனும் சேர்த்து, உப்பளத்து மோட்டார் கொட்டகையில் மாட்ட அனுமதி கேட்டாள்.

"மாட்டிக்கோ. ஒரு வாட்டி தப்புச்சுன்னாலும் கழட்டிடணும். அப்புறம் என் வாட்ச்சுதான்" என்றார் மேஸ்திரி.

2005 மார்ச் ஏழு, திங்கட்கிழமை. செல்வி லீவு போட்டுவிட்டு வந்து, விடியற்காலை ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு நேரத்தையும் தேதியையும் பதிந்தாள். ஆறு மணிக்குச் சைரன் கூவியது. பெண்கள் சிரித்துக்கொண்டே பாத்திக்குள் இறங்கினார்கள். பெட்டி அடுத்த அலாரமாகப் பதினொன்றைத் தானே எழுதிக்கொண்டது.

திரையில் பதினொன்று வந்தது. சைரன் வரவில்லை. பதினொன்று ஐந்து ஆயிற்று. அப்போதும் இல்லை.

"இன்னாமே லூர்து, உன் பொண்ணு மொதலாளி கட்சியா? எறங்கறதுக்கு மட்டும் கூவுது" என்றாள் பாஞ்சாலை, பாத்திக்குள் நின்றபடியே.

மேஸ்திரி வாட்சைப் பார்த்தார். "பத்தே முக்கால்தான் ஆவுது. பெட்டிக்குக்கூட அறிவு இருக்குது."

செல்விக்கு முகம் சுண்டியது. தினமும் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் சோதித்தபோதெல்லாம் ஒழுங்காகக் கூவிய பெட்டி. வரப்பில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். அந்தச் சிப்பில் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு அறைகள்: பத்துகளுக்கு ஒன்று, ஒன்றுகளுக்கு ஒன்று. ஓர் அறையில் ஒன்பதுக்கு மேல் வைக்கக் கூடாது. அவளோ பதினொன்றை அப்படியே ஒன்றுகளின் அறையில் திணித்திருந்தாள். ஓடும் மணியோ பதினொன்றாகும்போது அறைக்கு ஓர் ஒன்றாக நிற்கும்; அதோடு இது எந்தக் காலத்திலும் பொருந்தாது. ஆறு, ஏழு, எட்டுக்கு ஓர் அறை போதும். அதனால் குட்டு வெளிப்படவில்லை. தேதி ஏழு, மாதம் மூன்று, வருஷம் ஐந்து என்று அன்றைக்குப் பதிந்ததெல்லாமும் ஓர் அறைக்குள் அடங்கும் எண்களே. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் தப்புதாங்க மேஸ்திரி. சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

"பேச்சு பேச்சுதான். கழட்டு."

லூர்துமேரி உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "உன் வாட்ச்சு மூணு வருஷமா தப்புது. கழட்டச் சொன்னமா? இதுக்கு இன்னும் ஒரு நாள் குடு."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேஸ்திரி சட்டைக் கையை இழுத்து வாட்சை மூடினார். "நாளைக்கு ஒரு நாள். அவ்ளோதான்."

செல்வி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினாள். பத்துகளின் அறையில் ஓர் ஒன்று, ஒன்றுகளின் அறையில் ஓர் ஒன்று என்று எழுதி, கடிகாரத்தைப் பத்து ஐம்பத்தொன்பதுக்குத் திருப்பி வைத்துக் கூவவிட்டுப் பார்த்தாள். கம்பெனிக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குச் சைரன் கூவிய கூவலில் லூர்துமேரியின் கூட்டம் மட்டுமா ஏறியது? பக்கத்து உப்பளத்துப் பெண்களும் பலகையைப் போட்டுவிட்டு வரப்பேறி நடந்தார்கள். அந்த உப்பளத்து மேஸ்திரி மண்ணாங்கட்டி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏம்பா காசி, இன்னாபா இது? என் ஆளுங்கல்லாம் போயிட்டாங்கபா. இன்னும் டைம் இருக்குதே."

காசிலிங்கம் வெற்றிலையை நிதானமாக மடித்தார்.

"எங்க இருக்குது? பதினொண்ணுபா. வேணும்னா பெட்டியப் போய்ப் பாரு."