இருட்டில் வளர்த்த கீரை

கப்பல் வேலைக்குப் போயிருந்த என் மகன் நோயாளியாக ராயபுரத்து வீட்டுக்குத் திரும்பினான். உடம்பில் சதை பிடித்தால்தான் பிழைப்பான் என்றார் டாக்டர். அவனோ சோற்றை இரண்டு வாயோடு தள்ளிவிடுவான். பெல்ஜியத் துறைமுகத்தில் தின்ற ஒரு வெள்ளைக் கீரையை மட்டும் ஓயாமல் கேட்டான்.

"கசக்கும்ப்பா. ஆனா வாய்க்கு நல்லாருக்கும்."

அதன் விதை அவன் பெட்டியிலேயே இருந்தது. காப்பித்தூளில் கலக்கிறார்களே, அந்தச் சிக்கரியின் இனம்தான். மழை ஓய்ந்ததும் கொல்லையில் விதைத்தேன். பக்கத்துத் துறைமுகத்திலிருந்து பறந்துவரும் கரித்தூள் இலைகளில் படியப் படியத் துடைத்தேன். வேர் விரல் கனம் ஆவதற்குள் சித்திரை வந்துவிட்டது. இனி இலையை அறுத்துவிட்டு, வேரை இருட்டில், குளிர்ந்த மணலில் புதைக்க வேண்டும் என்றான் மகன். அப்போதுதான் வெள்ளைக் குருத்து வருமாம்.

குளிருக்கு எங்கே போவது? மீன் விற்கும் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஐஸ் கேட்டேன்.

"இன்னா நைனா, மீனுக்கு வெக்கிற ஐஸை செடிக்கு வெக்கப் போறியா?" என்று சிரித்தாள். மகனுக்காக என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு தினமும் மரத்தூளில் பொதிந்து அவளே கொண்டுவந்தாள்.

ஆனாலும் வேர்கள் அழுகின. ஒன்றே ஒன்று சுண்டுவிரல் நீளம் குருத்து விட்டது. கழுவி அவன் வாயில் வைத்தேன். மெதுவாக மென்றான்.

"கசக்குதாடா?"

"ஒண்ணுமே தெரியலப்பா."

மீதியை நான் மென்றேன். கசப்பு தொண்டைவரை இறங்கியது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்காப்பா?" என்று கேட்டான்.

ஆமென்று தலையாட்டினேன்.